பதிமூன்றாவது செவ்வாய்

"பிலோமிக்கா, எல்லாரும் கெளம்பிட்டாங்க. நீங்க மட்டும் இப்படிக் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி?"

பக்கத்து லைன் வீட்டுத் தெய்வம்மா கையில் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றாள். தேயிலை எஸ்டேட் ஃபேக்டரி மூடி இரண்டு மாதம் ஆகிறது. அது திறக்க வேண்டுமென்று தொழிலாளர் லைன் சனம் மொத்தமும், வேதக்காரர், இந்து என்று பார்க்காமல், செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எனக்குத் தலவலி. நீ போம்மா."

"பாட்டுச் சத்தம் ஆகாதுன்னா வெளிய நின்னு கும்புடுங்க. உங்க ஊட்டுக்காரருக்கும் அங்கதான வேல? கல்நெஞ்சுக்கா உங்களுக்கு!"

தெய்வம்மா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

பிலோமியின் காது அப்படி. அடுத்த வீட்டில் பூண்டு தட்டினால் இவளுக்கு நெஞ்சு படபடக்கும். யாராவது டீயை உறிஞ்சினால் எழுந்துபோய் அறையலாம் போலக் கோபம் வரும். கோபம் அடங்கியதும் அழுகை வரும். லைன் முழுக்க இதைத் திமிர் என்றது. குன்னூர் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நன்றாக இருந்ததுதான் அவளுக்கு வினை.

கணவன் செல்லதுரை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணமான மூன்றாம் நாள், அவன் மெல்லும் சத்தம் தாங்காமல் அவள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவான். மழையானால் தலையில் ஒரு சாக்கு. இப்படியே பன்னிரண்டு வருடம்.

இப்போது அதற்கும் முடிவு வந்துவிட்டது. நாளை மறுநாள் அவன் திருப்பூருக்கு மூட்டை தூக்கப் போகிறான்.

படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, போகாம இருக்க முடியாதுங்களா?"

"ஃபேக்டரிச் சங்கு ஊதுனா நான் ஏன் புள்ள போறேன்? தேயிலைக்கு வெல இல்லாமத்தான மூடிட்டாங்க."

"வெல இல்லாம மூடலீங்க. என்னாலதான் மூடுச்சு."

அவன் மெல்வதை நிறுத்தினான்.

"வேலைக்கு ஒரு சங்கு, சாப்பாட்டுக்கு ஒரு சங்கு, ஊட்டுக்குப் போக ஒரு சங்கு. வாட்ச்மேன் அண்ணன் அந்தக் கைப்பிடியச் சுத்துறப்பல்லாம் எனக்கு உசுரு போய் உசுரு வருமுங்க. அந்தச் சங்கு நிக்கணும்னு அந்தோணியாருக்குப் பதிமூணு செவ்வா மெழுகுவத்தி நேந்துக்கிட்டேன். பதிமூணாவது செவ்வா ஏத்திட்டு வந்து படுத்தேன். புதன்கெழம சங்கு ஊதல. கேட்டுல நோட்டீஸ்."

செல்லதுரை சிரித்துவிட்டான்.

"அடி பைத்தியமே! உன் மெழுகுவத்திக்கா மல பூரா ஃபேக்டரி மூடுச்சு?"

"சிரிக்காதீங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களோட போயி நிப்பேன்? என் தலைல நானே மண்ண வாரிப் போட்டதுமில்லாம, ஊரு தலைலயும் போட்டுட்டேன்."

"கேட்டது நீதான? நீயே போயி மாத்திக் கேளு."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் பதிமூன்று செவ்வாய்க்குப் பொறுக்க நேரமில்லை. கூட்டம் கலைந்ததும் போய், பதிமூன்று மெழுகுவர்த்தியையும் ஒன்றாக ஏற்றினாள்.

"தெரியாம கேட்டுட்டேன் சாமி. என் காதுக்காக எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டேன். அந்தச் சங்கு ஊதட்டும். இனி காதப் பொத்த மாட்டேன்."

மறுநாள் காலை செல்லதுரை வழக்கம்போலத் தட்டோடு வாசலுக்குக் கிளம்பினான். பிலோமி தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு உள்ள உக்காந்து சாப்புடுங்க."

சொந்த வீட்டில் விருந்தாளி போல ஒரு ஓரமாக உட்கார்ந்தான். சப்பாத்தியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, மெல்லாமலே விழுங்கினான்.

"மென்னு தின்னுங்க. நான் தாங்கிக்குவேன்."

சேலை முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். அவன் பயந்து பயந்து மென்றான். இந்தச் சத்தத்துக்காகவா பன்னிரண்டு வருடம் மனுசனை மழையில் உட்கார வைத்தோம் என்று அவள் நினைத்தபோதுதான் அது கேட்டது.

சங்கு!

பழக்கத்தில் அவள் கை காதுக்குப் போனது. பாதியிலேயே இறக்கிக்கொண்டாள். சத்தம் மண்டைக்குள் ஊசியாக இறங்கியது. இறங்கட்டும் என்று நின்றாள்.

"ஊதுதுங்க! கேக்குதா? ஊதுது!"

செல்லதுரை எச்சில் கையோடு ஓடினான். லைனே ஓடியது. தெய்வம்மா நெஞ்சில் சிலுவை போட்டபடி ஓடினாள். எல்லாரையும் முந்திக்கொண்டு பிலோமி ஓடினாள்.

ஃபேக்டரி கேட் விரியத் திறந்திருந்தது. உள்ளே பனிமூட்டத்தில் ஒரு லாரி. வாட்ச்மேன் வீரையா யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

"எத்தன மணிக்கு வேல அண்ணா?" மூச்சிரைக்கக் கேட்டாள் பிலோமி.

"வேலயாம்மா? மேட்டுப்பாளையத்துலருந்து பழைய இரும்புக்காரங்க வெள்ளெனவே வந்து மெசினெல்லாம் ஏத்திட்டாங்க. சங்கு ஒண்ணுதான் பாக்கி... ஓடுற சங்குன்னா கூட வெல தருவாங்களாம், அதான் ஒரே ஒரு தடவ சுத்திக் காட்டச் சொன்னாங்க."