சிவப்பில் ஒரு நம்பர்

"மாப்பிள்ளை, ஊரையே எண்ணப் போறீங்க, சரி. ஆனா முதல்ல..."

வேலையில் சேர்ந்த அன்று மாமனார் போனில் ஏதோ சொன்னார். மீதி, ஆபீஸில் எல்லோரும் 'டேட்டா சார்' என்று கூப்பிடும் அந்த மாப்பிள்ளைக்கு ஞாபகமில்லை. அதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டிருந்தார்.

அவர் சேர்ந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியில் யாருக்கு எப்போது ஸ்கேன், எப்போது ஆபரேஷன் என்று எல்லாப் பிரிவுத் தகவலையும் ஒரே திரையில் கொண்டுவந்தது அவர்தான். தேதி கொடுத்தும் வராதவர்கள் சிவப்பில் தெரிவார்கள்.

வாரக் கூட்டம். திரையில் ஒரே ஒரு சிவப்பு.

"யார் சிஸ்டர் இந்த மகானுபாவர்? டெஸ்டுக்குக் குடுத்த தேதிக்கெல்லாம் டிமிக்கி!" என்றார் டேட்டா சார்.

நோயாளிகளைப் போனில் அழைக்கும் நர்ஸ் நெளிந்தாள். "கூட்டத்துல பேர் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் விதி போட்டீங்க. நம்பர் மட்டும்தான்."

"இப்ப வந்தா சின்ன டெஸ்டோட போயிடலாம்," என்றார் சர்ஜன். "தள்ளிப் போட்டா என் டேபிள்ல வந்துதான் படுக்கணும்."

"வராததுக்கு என்ன காரணம் சொல்றாராம்?"

"போனே எடுக்கறதில்லை சார். வீட்டுல கேட்டா, வேலை தலைக்கு மேல இருக்குங்கிறாராம்."

"அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை?"

நர்ஸ் திரையைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்பவே போன் போடுங்க, ஸ்பீக்கர்ல. நானே நாலு வார்த்தை கேக்கறேன்."

"வேண்டாம் சார்... அப்புறம் தனியா பேசிக்கலாமே."

"போடுங்கன்னா!"

போட்டாள்.

டேட்டா சாரின் சட்டைப்பை அதிர்ந்தது. "சே, இந்த லோன்காரங்க தொல்லை! எப்பப் பாரு இதே நம்பர்," என்று கட் செய்தார்.

மேஜைமேல் நர்ஸின் போன் 'பீப் பீப்' என்று ஓய்ந்தது.

"பாத்தீங்களா டாக்டர், கட் பண்றான்! என்ன கொழுப்பு இருக்கணும்! விடாதீங்க சிஸ்டர், திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டாள். சட்டைப்பை திரும்ப அதிர்ந்தது.

சர்ஜன் நர்ஸின் போனைப் பார்த்தார். சட்டைப்பையைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

டேட்டா சாரின் கை மெல்லக் கழுத்துக்குப் போனது. போன மாதம் ஊழியர்களுக்கான மருத்துவ முகாமில் டாக்டர் அழுத்திப் பார்த்து, உடனே டெஸ்ட் எடுக்கச் சொன்ன சின்னக் கட்டி அங்கேயேதான் இருந்தது.

போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. மாமனார் அன்று சொன்ன மீதி இப்போதுதான் ஞாபகம் வந்தது: 'முதல்ல உங்களை எண்ணிக்கோங்க.'

எடுத்தார். "இன்னிக்கே வரேன் சிஸ்டர்," என்றார்.