மூன்றாவது தெரு முடிந்தது

“ஏட்டி, உக்காருதியா, இல்ல வெளிய அனுப்பச் சொல்லவா?” மைக்கிலேயே கத்தினார் ராஜபாண்டி.

கடைசி வரிசையில் நின்ற செல்வலட்சுமி அசையவில்லை. சேலையின் கீழ்ப்பாதி முழுக்கக் கரிசல் சேறு அப்பியிருந்தது.

கோவில்பட்டி சமுதாயக் கூடத்தில் வார்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடையில் மூன்று நாற்காலிகள். ஒன்று ராஜபாண்டிக்கு, இன்னொன்று திங்கட்கிழமைதான் மாற்றலாகி வந்திருந்த நகராட்சி இன்ஜினியர் சதீஷ்குமாருக்கு. நடு நாற்காலியில் ராஜபாண்டியின் துண்டு மட்டும் கிடந்தது.

போன கூட்டத்துக்குப் பிறகு வார்டில் நடந்த வேலைகளை அவர் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். தெருவிளக்கு மாட்டியாச்சு என்றார், கை தட்டினார்கள். வாறுகால் தூர் வாரியாச்சு என்றார், அதற்கும் தட்டினார்கள். “மூணாவது தெரு சிமெண்ட் ரோடு, நூறு சதவீதம் முடிஞ்சாச்சு” என்றபோதுதான் செல்வலட்சுமி எழுந்தாள்.

“எந்த ஊர்ல இருக்கு அந்த ரோடு? நான் இப்ப அது வழியாத்தான் வாரேன். ரெண்டு செருப்பும் சேத்துக்குள்ள போயிட்டு. வெறுங்காலோட வந்து நிக்கேன்!”

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அது அவளுடைய ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

“சிரிக்கியளா? குழாய் பதிக்கப் போறோம்னு ஆறு மாசத்துக்கு முன்னால தோண்டுன பள்ளம். போன வாரம் மழைக்குள்ள தீப்பெட்டி ஆபீசுக்குப் போன சொர்ணத்தாய் அதுல விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா. ஆம்புலன்ஸ் தெருமுக்குலயே நின்னுட்டு. கட்டிலோட நாலு பேரு தூக்கிட்டுப் போனோம். அடுத்து யாரு விழணும், சொல்லுங்க!”

முன்வரிசையிலிருந்த காளிராஜ் திரும்பி முறைத்தார். அவர் ராஜபாண்டிக்குக் கொடி பிடிக்கிற ஆள். “கவுன்சிலர் பேசிக்கிட்டு இருக்காவல்லா? எடையில என்ன சத்தம்?”

“பேசட்டும், நல்லாப் பேசட்டும்! இத்தன வருசமா அவிய ஒருத்தர்தானே பேசுதாவ!”

ராஜபாண்டி இன்ஜினியரிடம் குனிந்து, “கொஞ்சம் மண்டைச்சூடு சார். கண்டுக்கிடாதீங்க” என்றார்.

சதீஷ்குமாரால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கையிலிருந்த ஃபைலைப் புரட்டி ஒரு போட்டோவை உயர்த்திக் காட்டினார். “ரோடு போட்டாச்சுன்னு இதுல போட்டோ இருக்கேம்மா?”

செல்வலட்சுமி விறுவிறுவென்று முன்னால் வந்து பார்த்தாள். “இது ஒண்ணாவது தெரு சார்! ரோட்டு மேல கோலம் தெரியுது பாருங்க. எங்க தெருவுல கோலம் போட எடம் ஏது? பள்ளத்துக்குள்ள எறங்கிப் போடவா?” சொல்லிவிட்டுத் திரும்பவும் போய்க் கடைசி வரிசையிலேயே நின்றுகொண்டாள்.

“ரோடு உண்மையிலேயே போட்டிருக்கா சார்?” என்று ராஜபாண்டியிடம் கேட்டார் சதீஷ்குமார்.

“நாலு நாளா மழை சார். மேல சேறு ஏறிக் கெடக்கு. அடியில ரோடு இருக்கு.”

இப்படி ஒரு பொய்யைக் கண் சிமிட்டாமல் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! கை தட்டியவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பள்ளம் எங்கே இருக்கிறதென்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எழுந்து கேட்கத்தான் அவளைத் தவிர ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சதீஷ்குமார் தீர்மான நோட்டை மேசையில் விரித்தார். “பழைய இன்ஜினியர் எழுதி வச்சிட்டுப் போயிருக்கார் சார். இதுல கவுன்சிலர் கையெழுத்து விழுந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு ஆயிடும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு அந்தத் தெருவுக்கு நாங்க ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. யோசிச்சுக்குங்க.”

“யோசிக்க என்ன இருக்கு? நோட்டக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டு போறேன். காலையில கையெழுத்தோட ஆபீசுக்கு வந்துரும். எப்பவும் அப்படித்தான்.”

“இனிமே அப்படி முடியாது சார். கூட்டம் கலையறதுக்குள்ள, இங்கேயே, என் கண் முன்னால கையெழுத்து ஆகணும்.”

ராஜபாண்டியின் முகம் சுண்டிப்போனது. நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். காளிராஜைக் கடந்து, வரிசை வரிசையாகத் தாண்டி, வெளியே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினாரே, அவள் முன்னால் போய் நின்றார்.

“போடுட்டி. எல்லாரும் பாக்காவ, மானம் போகுது.” குரல் தணிந்திருந்தது.

“அங்க ஒருத்தி இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா. ஒங்களுக்கு மானம் போகுதா? போட மாட்டேன்.”

“சொன்னாக் கேளு. வீட்டுல வச்சுப் பேசிக்கிடுவோம்.”

“போட மாட்டேன்னா போட மாட்டேன்!”

என்ன நடக்கிறதென்று புரியாமல் சதீஷ்குமார் மேடையிலிருந்து ஓடிவந்தார். “சார், சார்! பொதுமக்கள்கிட்ட எதுக்குக் கையெழுத்து கேக்கறீங்க? கவுன்சிலர் கையெழுத்துதான் வேணும்!”

செல்வலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இவிய என் வீட்டுக்காரரு சார். ஓட்டு வாங்கி ஜெயிச்ச கவுன்சிலர் நான்தான், போட மாட்டேன்னு எழுதிக்கிடுங்க!”