கருகாத வலை

ஜாம்பியாவில் எங்கள் கிட்வே துணைமின் நிலைய பிரேக்கருக்குள் ஒரு பீங்கான் குடுவை. அதில் காற்றே கிடையாது. அதனால்தான் செம்பு முனைகள் விலகும்போது எழும் தீ பற்றிக்கொள்ள எதுவுமின்றி அணையும், மின்சாரமும் நிற்கும்.

நேற்று உடன் வேலை செய்யும் ஜெரேயின் ஏணி மின்கம்பியில் பட்டது. பிரேக்கர் உடனே துண்டித்ததால் பிழைத்தான்.

“எலி தின்னி, உனக்குக் குழி வெட்டுற வேலை எனக்கு மிச்சம்,” என்றாள் முசொண்டா. அவர்கள் இரு இனங்களுக்கும் கேலி உறவு; ஒருவர் செத்தால் மற்றவர்தான் முறைப்படி குழி வெட்ட வேண்டும்.

“நீ வெட்டினா கோணலாத்தான் இருக்கும், குரங்கு தின்னி.”

சிரித்துக்கொண்டே குடுவையைக் கழற்றினாள். பீங்கானில் விரல் நுழையும் ஓட்டை. விளிம்பில் பல வருட அழுக்கு.

“உள்ள பூரா காத்துடா. தீ எப்படி அணைஞ்சுது?”

“அணைஞ்சுதுல்ல, விடு. சாப்பிட வா.”

டார்ச் அடித்துப் பார்த்தோம். முனைகளைச் சுற்றித் தூசி படிந்த பழைய சிலந்தி வலை. ஓர் இழைகூடக் கருகியிருக்கவில்லை.