பெயர் ஏறும்வரை

தொண்டை அறுவையில் குரலை இழந்த தெய்வானையம்மாளுக்கு, எழுத்தைத் தட்டினால் பேசும் பெட்டி ஒன்று செய்திருந்தார்கள். திறந்ததும் முதலில் தன் பெயரைத்தான் அது சொல்ல வேண்டும் என்று கம்பெனி சேர்மன் கனகசபாபதி, அதை வழங்கும் விழாவன்று காலையில் கட்டளையிட்டுவிட்டார். அதனால் மேடையிலேயே லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குள் புது புரோகிராம் ஏறிக்கொண்டிருந்தது. "இது உலகத்தையே புரட்டிப்போடும்!" என்று முழங்கிய பேச்சு வேகத்தில் அவர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். வயர் விறைத்தது.

"அசையாதீங்க சார்!" என்று இன்ஜினியர் மெர்சி லேப்டாப்போடு ஓடிவந்தாள். "பழசை அழிச்சாச்சு, புதுசு பாதிதான் ஏறியிருக்கு. வயர் கழண்டா பெட்டி அவ்வளவுதான். லூஸ் கனெக்‌ஷன், கீழே இறக்கவும் வேண்டாம்."

"எவ்வளவு நேரம்மா?"

"உங்க பேரு கொஞ்சம் நீளம் சார்."

உலகத்தையே புரட்டிப்போடப் புறப்பட்டவர் சிலையாக நின்றார். மாலை மேலேறி மூக்கை உறுத்தியது. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை. முன்வரிசையில் தெய்வானையம்மாள் அவருடைய நடுங்கும் முழங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிடுச்சு சார்."

பெட்டியைக் கொண்டுபோய் தெய்வானையம்மாளின் மடியில் வைத்தார். அது அவர் பெயரைப் பட்டங்களோடு சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் தட்டினாள்.

"கை வலிக்குதா தம்பி?" என்றது பெட்டி.

கனகசபாபதி சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஆமாக்கா."