தங்கக் கொடி போட்ட வால்பேப்பர்

பக்கத்து வீட்டுச் சுந்தரி கதவைத் திறந்ததும் அவர் முதலில் வால்பேப்பரைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரைப் பக்கத்து வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் இந்தப் புது அடுக்குமாடிக்கு எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வாரத்தில்தான் குடிவந்தோம். எத்தனை முறை கூப்பிட்டாலும், "அடுத்த வீட்டுல எனக்கென்ன வேலை?" என்பார். இன்று ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, சட்டையைக்கூட மாற்றவிடாமல் இழுத்து வந்துவிட்டேன்.

இவளுடைய வீட்டைப் பார்த்தாவது அவருக்கு ரோஷம் வரட்டும். எங்கள் வீட்டையும் ஒரு வீடாக ஆக்கட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கப்பல் பட்டறையில் வேலை, மாறி மாறி ஷிப்ட் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்காதவர். சொந்த வீடே அவருக்குச் சரியாகத் தெரியாது. குளியலறை விளக்கைப் போட இன்னும் வலப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார். அடுப்படியிலிருந்து நான்தான் "இடப்பக்கம்" என்று கத்தவேண்டும்.

சுந்தரியைப் பாருங்கள். அவள் கணவர் சேதுபதி கப்பலில் போகிறவர், வருடத்தில் பத்து மாதம் கடலில். தனியாளாக அவள் இந்த வீட்டை இப்படி வைத்திருக்கிறாள்.

ஆமாம், எனக்குப் பொறாமைதான். அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

வாசலில் அவளுடைய ஊதா ஆர்க்கிட் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்குகிறது. அதே கடையில் அதே நாளில் நான் வாங்கிய ஆர்க்கிட் எட்டு மாதமாக இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறது. கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதற்குள் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் பொறுக்கிய பழைய சாமான்கள்: மூக்கு உடைந்த காப்பிக்கடைக் கெண்டி, பித்தளை மணி, பூப்போட்ட எனாமல் கேரியர். அதே மாதிரி கேரியரை வீடு மாறும்போது பழைய பேப்பர்காரனிடம் தூக்கிக் கொடுத்தவள் நான். என் வீட்டில் இருந்தவரை அது தட்டுமுட்டு. அவள் வீட்டில் அலங்காரம்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த வால்பேப்பர். தரையிலிருந்து மேல்தளம்வரை தங்க நிறக் கொடி ஓடுகிறது. தானே ஒட்டினாளாம். என் தோளுக்குக்கூட வரமாட்டாள். எப்படித்தான் ஏறி ஒட்டினாளோ!

"ஒண்ணும் இல்ல லா அக்கா, எல்லாம் பழைய சாமான்தானே" என்று சுந்தரி காப்பியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் காப்பியைக் குடித்தார். சுவரைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்க்கவில்லை.

அலமாரிக்கு மேல் ஒரு பழைய பெண்டுலம் கடிகாரம் உண்டு. மணி காட்டுவது சரியாக இருக்கும். அடிப்பது மட்டும் தாறுமாறு. சரியாகப் பத்து மணிக்கு அது நான்கு அடித்தது. எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ரசனை கெட்ட ஜென்மம்.

எனக்கு மானம் போயிற்று. எழுந்துபோய் வாசலில் தொங்கிய ஆர்க்கிட் தொட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். பாருங்கள், இந்த மாதிரி நம் வாசலிலும் இரண்டு தொங்கினால் என்ன என்று கேட்டேன். அடியிலிருந்து, செடிக்குப் போட்ட கரியின் தண்ணீர் ஒழுகி அவர் விரலெல்லாம் கறுப்பாயிற்று.

சுந்தரி தொட்டியை வாங்கிக்கொண்டாள். அவர் கை கழுவ எழுந்தார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் எங்கள் வீட்டில் இடப்பக்கம் இருப்பதெல்லாம் இந்த வீட்டில் வலப்பக்கம் இருக்கும். என் வீட்டையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். சமையலறைக் கோடியில், பகலிலும் இருட்டாக இருக்கும் குளியலறை. அதன் விளக்கு சுவிட்சும் அப்படித்தான். எட்டு மாதமாக வந்துபோகிற நானே இன்னும் இடப்பக்கம் தடவித் தடவி ஏமாறுகிறேன். புதிதாக யார் வந்தாலும் சுந்தரி முந்திக்கொண்டு, "வலப்பக்கம்" என்று சொல்லிவிடுவாள்.

இன்று அவள் சொல்லவில்லை. பாவம், மறந்துவிட்டாள் என்று நானே சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் சுவரைத் தடவவில்லை. எங்கேயோ பார்த்தபடி வலது கையை நீட்டினார். விளக்கு எரிந்தது.



தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் எட்டு மாதமாக அவர் ஏன் வலப்பக்கம் தடவுகிறார் என்று இப்போது புரிய, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். இதுதான் பொறாமை. இத்தனை நாள் நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை.

"கேக் சாப்பிடுங்கக்கா" என்றாள் சுந்தரி. என் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் சுவரைப் பார்த்தேன். மேல்தளத்தைத் தொடும் இடத்தில்கூட ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கொடியும் கோணவில்லை. நல்ல உயரமான ஆள், அவசரப்படாமல், ஆசையாக ஒட்டியது.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். ஆறடி உயரம். அந்தக் கதவில் தலை இடிக்காமல், பழகியவர்போல் குனிந்து வந்தார்.