மழை மேடை

எங்க வீட்டு டிவியில ஒரு சண்டை கேம். பல கேம்ல வர்ற ஆளுங்க அதுல ஒண்ணா சேந்து அடிச்சுக்குவாங்க. தோத்தவங்கதான் அடுத்த சண்டை நடக்குற மேடைய எடுக்கணும்னு பேரப்புள்ளைங்க ரெண்டும் சட்டம் வச்சிருந்துச்சுங்க. செழியன்தான் எப்பவும் தோப்பான். மழை பெய்யிற மேடையத்தான் எடுப்பான். "ஒரு தடவ ஜெயிச்சுட்டுத்தான்டி எழுந்திரிப்பேன்"னு தங்கச்சி கனிமொழிகிட்ட சொல்லுவான்.

சம்பா நடவப்போ கீழ்வேளூர் ரோட்டுல பைக்கோட அடிபட்டுப் போயிட்டான். பதினாறாம் நாள் படையல்ல அவன் கேம் ஆடுற ரிமோட்டையும் வச்சோம். அதுல இருந்த பேட்டரிய நான்தான் கழட்டி சுவர்க் கடிகாரத்துல போட்டேன்.

மறுநா மத்தியானம் கனிமொழி தனியா விளையாடி ஜெயிச்சா. அடுத்து மழை மேடை தானா வந்து நின்னுச்சு. எதிர்ல செழியன் எப்பவும் எடுத்து ஆடுற ஆளு.

அதுலேருந்து தினமும் விளையாடுறா. ஒரு தடவகூட தோக்கல.

"பாவம்டி, ஒரு ஆட்டம் விட்டுக்குடேன்"னேன்.

"ஜெயிச்சுட்டா எழுந்திரிச்சுப் போயிடுவான் அப்பாயி."

நேத்து சோத்தப் போட்டுட்டு, "வாடி"ன்னு நான்தான் கூப்பிட்டேன். அவ திரும்பின நேரத்துல செழியன் ஜெயிச்சுட்டான்.

இப்ப மேடைய அவ எடுக்கணும். மழை மேடையவே எடுத்து வச்சுட்டு உக்காந்திருக்கா. எதிர்ல யாரும் வரல. மழை மட்டும் பெஞ்சுக்கிட்டே இருக்கு.