தம்பி இறங்கியிருப்பானா?

"ஏன்னா, மைசூர்லேருந்து மெட்ராஸ் எத்தனை தூரம்?" திரிபுரசுந்தரி மறுபடியும் கேட்டாள்.

"முந்நூறு மைல் இருக்கும். ஏரோப்ளேனுக்கு ரெண்டு மணி நேரம்தான்," என்றார் கணவர் கணபதிராமன்.

"தம்பி இப்ப இறங்கியிருப்பானா?"

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லீவு முடிந்து ரயிலில் கிளம்பவிருந்த தன் தம்பியை, ஏரோப்ளேனில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்து ஏற்றிவிட்டவளே அவள்தான். இப்போது என்ன பயம்?

கடிகாரம் பத்து அடித்தது.

"இந்நேரம் இறங்கியிருப்பான். கவலைப்படாதே."

"அப்பாடா!" என்று துடைப்பத்தை எடுத்தாள். "ஊருக்குப் போனவா போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைப் பெருக்கப்படாதே! ரயில்ல போனா நாளைக்குத்தான் சேருவான். சாயங்காலம் நம்ம பொண்ணைப் பார்க்க வர்றவாளை இந்தக் குப்பையிலயா உட்கார வைக்கறது? காலைத் தூக்கிக்கோங்கோ!"